இரண்டு முதுகுகள்

என் வீட்டுக்காரரின் முதுகில் வரிசையாகத் தழும்புகள் உண்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வருடா வருடம் கொக்கி குத்திக் காவடி எடுப்பவர். யுத்த காலத்தில் ஒருநாள் கொடகவெல கடைவீதிக்குச் சாமான் வாங்கப் போனவரை, சோதனைச் சாவடியில் சட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். தழும்பைப் பார்த்ததும் ஆயுதப் பயிற்சி எடுத்தவர் என்று முடிவு கட்டி, பொலிஸ் நிலையத்தில் அடைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை, நான் ஆயாவாக இருந்த பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு ஓடினேன். பொறுப்பதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவசரகாலச் சட்டமாம், கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமலே வைத்திருக்கலாமாம், பின்னேரம் கொழும்புக்கு அனுப்பப் போகிறார்களாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குற்றம் என்ன என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். அது சாமிக்குக் குத்திய தழும்பு என்றேன். அவர் காதில் ஏறவில்லை. கொழும்புக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. கத்திய வாயாலேயே அழ ஆரம்பித்தேன்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டிய சிங்களவர், விஷயம் கேள்விப்பட்டு என் பின்னாலேயே வந்துவிட்டார்.

"அழ வேணாம் நங்கி," என்றார். தங்கச்சியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு அதிகாரியின் முன்னால் திரும்பி நின்று சட்டையைக் கழற்றினார். கதிர்காமத்தில் காவடி எடுத்த தழும்புகள். அதே இடம், அதே வரிசை. "அப்படியென்றால் என்னையும் உள்ளே போடுங்கள், சேர்," என்று சிங்களத்தில் சொன்னார்.

என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். அதிகாரி மாடு வாங்க வந்தவர் மாதிரி இரண்டு முதுகுகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில், கூட்டிக்கொண்டு போ என்று கையை ஆட்டினார்.

அடுத்த திருவிழாவில் காவடிக் கயிற்றைப் பிடித்து நடந்தவர் அந்த டிரைவர்தான். தீபாவளிக்கு முதல் தட்டுப் பலகாரம் இன்றும் அவர் வீட்டுக்குத்தான் போகும். "என் முதுகுக்கு இவ்வளவுதானா நங்கி?" என்று சிரிப்பார். எனக்குக் கண் நிறைந்துவிடும்.

அன்று என் வீட்டுக்காரரை அடைத்திருந்த அதே கூண்டில் யாழ்ப்பாணத்து வியாபாரி ஒருவரும் இருந்தார். அவர் உடம்பில் எந்தத் தழும்பும் இல்லை, அடையாள அட்டையில் ஊர்ப் பெயர் மட்டும்தான். நாங்கள் வெளியேறியபோது கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். அவரைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். பலகாரத் தட்டை மூடும்போதெல்லாம், அவருக்கும் யாராவது வந்திருக்க வேண்டுமே தாயே என்று அம்மனிடம் கேட்பேன்.