ஐந்து கோடுகளும் என் காதுகளும்

மகள் ஜொகூருக்குப் படிக்கப் போனபோது தன் பழைய இயர்போனை எனக்கு விட்டுவிட்டுப் போனாள். கம்பி இல்லாமல், காதுக்குள்ளேயே செருகிக்கொள்கிற வகை. அவள் புதிதாக ஒன்று வாங்கியிருந்தாள்.

“வச்சுக்குங்கம்மா. கம்பெனி பஸ்ல சும்மாதானே உக்காந்திருக்கீங்க, பாட்டு கேக்கலாம்லா” என்று சொல்லி, அதை என் போனோடு இணைத்து, அதற்கான ஆப் ஒன்றையும் இறக்கி வைத்தாள்.

நான் மலேசியாவின் வடக்கே, சுங்கைப் பட்டாணியில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச் சின்னத் தகடுகளைப் பார்த்து, பற்றவைத்த இடத்தில் விரிசல் இருந்தால் ஒதுக்கிப் போடுகிற வேலை. அந்த வருடம் ஆர்டர் குறைந்துவிட்டது என்று ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் சமைக்கவும் துவைக்கவும் படுக்கவும்தான் நேரம் இருக்கும். இப்போது எங்கள் ஊர் புக்கிட் செலம்பாவில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது வெயிலே தாழ்ந்திருக்காது. கணவர் எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறார். எண்ணெய் ஆலையில் லாரி வரிசை நீண்டால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. வீட்டில் நான் மட்டும்தான்.

என்னால் உட்கார முடியவில்லை. டிவியைப் போடுவேன், அணைப்பேன். பெருக்கிய தரையைத் திரும்பப் பெருக்குவேன். மகளின் அறைக்குள் போய் மடித்த போர்வையையே மறுபடி மடிப்பேன். கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டைப் பார்த்து நிற்பேன். எதிர்வீட்டு அக்கா, “யாரையாச்சும் எதிர்பார்க்குறியாம்மா?” என்று கேட்பார். இல்லை என்று சொல்லி உள்ளே வருவேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டுக்குப் போவேன்.

பஸ்ஸில்தான் முதலில் அந்த இயர்போனைப் போட்டேன். எனக்குப் பிடித்த பழைய சினிமாப் பாட்டு ஒன்றை வைத்தேன். பாட்டு வந்தது. ஆனால் அது நான் அறிந்த பாட்டாக இல்லை. அடியில் ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டினால் நம் வீட்டு ஜன்னல் அதிருமே, அதுபோல. பாடகியின் குரல் அந்த இடிக்குப் பின்னால் எங்கோ நின்றது. ஏதோ கோளாறு என்று நினைத்து மகளுக்குப் போன் போட்டேன்.

அவள் சிரித்தாள். “கோளாறு இல்லம்மா. அந்த அடிச்சத்தம் இருக்கே, பேஸ், அத தூக்கி வச்சிருக்கேன், நான் கேக்குற பாட்டுக்கு. ஆப்புல ஈக்குவலைசர்னு இருக்கும், அஞ்சு கோடு. இடது பக்கம் பேஸ், நடுவுல குரல், வலது பக்கம் ஜால்ரா மாதிரி சத்தம். உங்களுக்குப் புடிச்ச மாதிரி மாத்திக்குங்க.”

உங்களுக்குப் பிடித்த மாதிரி என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்து அந்த ஐந்து கோடுகளைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, விரலால் மேலேயும் கீழேயும் இழுக்கலாம். இடது கோட்டைக் கீழே இறக்கினேன். இடி நின்றது. குரல் முன்னால் வந்தது. சந்தோஷமாக இருந்தது. நடுக்கோட்டை ஏற்றினேன். குரல் இன்னும் முன்னால் வந்தது, ஆனால் சளி பிடித்தவர் பாடுவதுபோல மூக்கால் வந்தது. அதை இறக்கி வலப்பக்கத்தை ஏற்றினேன். சலங்கையும் வயலினும் பளிச்சென்று தெரிந்தன. உடனே பாட்டில் வருகிற ஒவ்வொரு ‘ச’வும் காதைக் கீறியது. அதையும் இறக்கினேன். இப்படியே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததில், அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்துப் போனது.

அதன்பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. காலையில் பஸ்ஸில் நன்றாக இருந்தது சாயங்காலம் வீட்டில் நன்றாக இருக்காது. எஞ்சின் உறுமலில் பேஸ் கரைந்துபோகிறது, வீட்டின் அமைதியில் அது பூதாகாரமாகத் தெரிகிறது என்று கண்டுபிடித்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்தால் எப்படி இருந்தாலும் நன்றாகக் கேட்கும், குறைத்தவுடன் குறை தெரியும் என்று கண்டுபிடித்தேன். ஒரு பாட்டுக்குச் சரியாக வைத்தால் அடுத்த பாட்டு கெட்டுப்போகும். பாட்டு முடியும்வரை கேட்பதே இல்லை. முதல் அடி வந்ததும் விரல் கோட்டுக்குப் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டி, நீ பாட்ட கேக்குறியா, பட்டன கேக்குறியா?”

“சரியா வரமாட்டேங்குது.”

“எது சரின்னு உனக்குத் தெரியுமா?”

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார், கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எனக்கு அது நாள் முழுக்க மனதில் ஓடியது. அவருக்கு உறைப்பு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். மகளுக்குத் தேநீரில் பால் எவ்வளவு வேண்டும் என்று தெரியும். எனக்கு எப்படி இருந்தால் பிடிக்கும் என்று யாராவது கேட்டால், இருப்பதே போதும் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லி வந்திருக்கிறேன். இந்த ஐந்து கோடுகளிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் தங்கச்சி ஒருத்தி இருந்தாள், எங்கள் பிரிவில்தான் வேலை. அவளிடம் சொன்னபோது என் காதை உற்றுப் பார்த்தாள்.

“அக்கா, இடது காதுல ரப்பர் தொங்குது பாருங்க. அது நல்லா அடைச்சு உக்காரணும்லா. இல்லாட்டி பேஸ் எல்லாம் வெளிய போயிரும்.”

காதுக்குள் நுழைகிற முனையில் சின்னக் காளான் குடைபோல ஒரு ரப்பர் இருக்கும். அதைப் பெரிது, சிறிது என்று மாற்றிக்கொள்ளலாமாம். அதுவரை எனக்குத் தெரியாது. மகள் தன் காதுக்குப் போட்டிருந்த அளவையே நான் போட்டுக்கொண்டிருந்தேன். சம்பளம் வந்த அந்த வார விடுமுறையன்று சுங்கைப் பட்டாணி டவுனில் போன் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி ஒரு பொட்டலம் ரப்பரைப் பிரித்துப் பரப்பினார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். வலது காதுக்கு நடுத்தரம் சரியாக இருந்தது. இடது காதுக்கு அது பெரிதாகவும், அடுத்த அளவு சிறிதாகவும் இருந்தது. கடைசியில் வேறொரு வகையில் ஒன்று உட்கார்ந்தது.

“என்னா தம்பி, ரெண்டு காதும் ஒரே அளவு இல்லியா?”

“யாருக்குமே இருக்காதுக்கா. உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கு.”

பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து பாட்டைப் போட்டபோது, இத்தனை நாள் இறக்கி இறக்கி வைத்த பேஸ் முழுதாகத் திரும்பி வந்து காதில் விழுந்தது. நான் செய்து வைத்த கணக்கெல்லாம் வீண். முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆனால் இம்முறை கை கொஞ்சம் பொறுமையாக இருந்தது. ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு கோட்டை மட்டும், அதுவும் துளி அளவு நகர்த்தினேன். தீபாவளி நெருங்குகிற சமயம், ஒரு நாள் காலை பஸ்ஸில் பாடகியின் குரல் இரண்டு காதுக்கும் நடுவில், நெற்றிக்குப் பின்னால் வந்து நின்றது. அவர் அடி முடித்து மூச்சு எடுப்பது கேட்டது. அந்த மூச்சை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. பஸ் தொழிற்சாலை வாசலில் நின்று எல்லாரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார்.

தீபாவளி விடுமுறைக்கு மகள் வந்தாள். வீடு நிறைந்துவிட்டது. முறுக்கு, பலகாரம், அவளுடைய தோழிகள். நான் இயர்போனைத் தொடவே இல்லை. பண்டிகை முடிந்து இரண்டொரு நாள் கழித்து, மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஹாலில் என் போனை எடுத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் என் இயர்போன்.

“அய்யோ மா, என்னா பண்ணி வச்சிருக்கீங்க? பேஸே இல்ல. ரேடியோ மாதிரி இருக்கு. நான் சரி பண்ணிட்டேன். இப்ப கேட்டுப் பாருங்க.”

வாங்கிப் பார்த்தேன். ஐந்து புள்ளிகளும் அவள் ஊருக்குப் போகும் முன் இருந்த இடத்தில் இருந்தன.

எனக்கு என்ன வந்தது என்று இன்றும் தெரியவில்லை. கையில் இருந்த துணியைத் தரையில் எறிந்தேன்.

“யார் உன்ன தொடச் சொன்னா?”

அவள் சிரிக்கப் பார்த்தாள். “மா, வெறும் இயர்போனுக்கா இப்படி...”

“வெறும் இயர்போன்தான். அதையாச்சும் விடக்கூடாதா? இந்த வீட்டுல எது எப்படி இருக்கணும்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா? கர்ட்டன் நீ சொன்ன கலர். சாப்பாடு அப்பா சொன்ன ருசி. இது ஒன்னுதான் நான் எனக்குன்னு செஞ்சேன். அதையும் சரி பண்ணிட்டியா?”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வாசலில் லாரி டயரின் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த கணவர் குழாயை மூடாமலே உள்ளே வந்து நின்றார். மகளின் முகம் வெளுத்துவிட்டது. நான் மோட்டார்சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை.

எங்கே போகிறேன் என்று யோசிக்காமல் ஓட்டினேன். சுங்கைப் பட்டாணி தாண்டி, நெல் வயல்கள் தாண்டி, கோத்தா கோலா மூடாவில் ஆறு கடலில் சேரும் இடம்வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் ரோடு இல்லை. படகுகள் வந்து மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அங்கே விலையைக் கத்திச் சொல்வதில்லை. வாங்க வருகிறவர்கள் ஒவ்வொருவராக மீன்காரர் தோளைத் தொட்டு, காதோடு காதாகத் தங்கள் விலையைச் சொல்லிவிட்டு நகர்வார்கள். அவர் எல்லார் முகத்தையும் பார்த்து யாருக்கு என்று முடிவு செய்வார். அன்று என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கூடைகளுக்கு இடையில் நடந்தேன், படகுத் துறைவரை போனேன், திரும்பி வந்தேன். மகள் பாவம் என்று தோன்றியது. அடுத்த நிமிடமே, ஏன் பாவம், நான் சொன்னது சரிதானே என்று தோன்றியது. இரண்டும் மாறி மாறி வந்தன. வெறுங்கையோடு திரும்பக் கூச்சமாக இருந்தது. கடையோரம் விற்ற அம்மாவிடம் கெம்போங் மீன் கொஞ்சம் வாங்கி மோட்டாரில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் துணியெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. கணவர் மீன் பையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்ச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் மீனைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பாதிச் செதிலை விட்டுவிட்டார் என்பது பிறகு குழம்பில் தெரிந்தது.

மகள் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“உக்காருங்கம்மா. எங்க எங்க வச்சிருந்தீங்கன்னு சொல்லுங்க. நான் வைக்கிறேன்.”

“ஞாபகம் இல்ல.”

“அப்ப புதுசா செய்வோம். மூக்குக் கண்ணாடி கடையில கேப்பாங்கல்ல, இது நல்லா இருக்கா அது நல்லா இருக்கான்னு. அந்த மாதிரி.”

ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொள்ளலாம் என்றாள். நான் இரண்டையும் நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். அவள் முதல் கோட்டில் விரலை வைத்தாள். கோட்டை நகர்த்துவாள், என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன், அல்லது கையால் இறக்கு என்பேன். பழைய இடம் கிடைக்கவில்லை. பாடகியின் மூச்சு வந்தபோது வயலின் மங்கியது, வயலின் வந்தபோது மூச்சு போனது. கடைசியில், “இப்படியே விடு” என்றேன்.

அவள் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். “மேளமே இல்லியேம்மா.”

“எனக்கு மேளம் வேணாம்.”

“சரி.” கொஞ்சம் தயங்கி, “என்னா பேர்ல சேவ் பண்ணட்டும்?” என்று கேட்டாள். அவளே தட்டிவிட்டுக் காட்டினாள். ‘ஜாங்ஙான் காச்சாவ்’ என்று இருந்தது. மலாயில், தொந்தரவு செய்யாதே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஆனால் மீதி விடுமுறை முழுவதும் அவள் என்னிடம் எதைத் தொடுவதற்கு முன்பும் கேட்டுக் கேட்டுத்தான் தொட்டாள். அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அவளை அப்படி ஆக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இப்படிக் கேட்க வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அவளை ஜொகூர் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று சாயங்காலம் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அப்படி என்னாதான் இருக்கு அதுல? குடு, நானும் கேக்குறேன்” என்றார். அவருடைய தடித்த காதில் அது சரியாக நுழையவில்லை, கையால் பிடித்துக்கொண்டே கேட்டார். எப்போதும் அரை நிமிடத்தில் அலுத்துப்போகிறவர், அன்று பாட்டு முடியும்வரை அசையவில்லை.

“பாட்டு மாதிரியே இல்லடி” என்றார். “யாரோ பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு.”

நான் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மழை பெய்து தொட்டியெல்லாம் ஏற்கெனவே நனைந்திருந்தது. குழாயைத் திறந்து மூடினேன். உள்ளே அவர் இன்னொரு பாட்டைத் தேடிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கோடுகளை மட்டும் அவர் தொடவில்லை.