பறக்காத கொக்கு

எனக்கு இந்தப் பேய், ஆவி சமாச்சாரத்துல எல்லாம் நம்பிக்கையே கிடையாது. எஸ்டேட்டுல பொறந்து வளந்தவன். ரப்பர் காட்டுல வெள்ளையா எதையோ பார்த்தேன்னு எவனாவது லயத்து வரிசை வீட்டுக்கு ஓடி வந்தா முதல்ல சிரிக்கிறவன் நான்தான். கொக்குப் படத்தை எப்படிண்ணே இவ்வளவு கிட்டத்துல எடுக்கிறீங்கன்னு நீங்க கேட்டீங்க, அதுக்காகச் சொல்றேன். நம்பினா நம்புங்க, நம்பாட்டி விடுங்க லா, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்.

எண்பதுகள்ல எனக்கு கோலா சிலாங்கூர் டவுன்ல ஒரு போட்டோ ஸ்டூடியோவுல வேலை. கல்யாணப் படம், அடையாள அட்டைக்கு ஐசி படம், பகல் பூரா அதே மூஞ்சிங்க. அலுப்பு தாங்காம விடியக்காலையில மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு சுங்கை புரோங் வயக்காட்டுக்குப் போயிருவேன், கொக்கு பிடிக்க, கேமராவுலதான். ஆரம்பத்துல எடுத்ததெல்லாம் குப்பை. சூரியன் வர்றதுக்கு முந்தி ஒரு மங்கல் வெளிச்சம் இருக்கே, பார்க்க அவ்வளவு அழகு, ஆனா படத்துக்குப் பத்தாது. ஷட்டரை மெதுவா விடணும், மெதுவா விட்டா அசையறதெல்லாம் புகையாப் போயிரும். சரி, கிட்டப் போவோம்னா பறந்துரும். கொக்கு மாதிரி சந்தேகம் பிடிச்ச பிறவி உலகத்துலயே கிடையாது, எங்கயோ தள்ளி நின்னு தும்முனாலும் எந்திரிச்சுரும். அப்பறம்தான் கத்துக்கிட்டேன், வரப்புல குப்புறப் படுத்து, கேமராவைத் தண்ணி மட்டத்துக்கு இறக்கி வெச்சு, அது மீனைக் குறி பார்த்து ஒரு கணம் உறைஞ்சு நிக்குமே, அப்ப மட்டும் தட்டணும்.

அந்த வருஷந்தான் எங்க அத்தான் காணாமப் போனாரு, என் அக்கா புருஷன். புக்கிட் ரோத்தான் பக்கம் எஸ்டேட்டுல செம்பனைக் குலை வெட்டுறவரு, ஞாயித்துக்கிழமையானா ஆத்து முகத்துக்கு வலை போடப் போவாரு. படகு மட்டும் கவுந்து கெடந்துச்சு, ஆளு கிடைக்கல. மாசக்கணக்காச்சு. அவரு வீட்டு ஆளுங்க கருமாதி பண்ணிரலாம்னாங்க, அக்கா ஒத்துக்கல. "உடம்பைக் காட்டுங்க, அப்பறம் நான் பொட்டை அழிக்கிறேன்"னு ஒரே சண்டை. கதவுக்குத் தாப்பாப் போடாது, அவருக்குச் சோறு மூடி வெக்கும், தான் திங்காது, துரும்பா இளைச்சுப் போச்சு. பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்காது. இருக்காரோ இல்லையோ, யாராவது ஒரு சேதி சொல்லித் தொலைங்கடான்னு இருந்துச்சு.

ஒரு விடியக்காலை, நல்ல பனி. கடலுக்கு ஓடுற பெரிய வாய்க்கால்ல ஒரே ஒரு கொக்கு. வாகா நின்னுச்சு, நாலஞ்சு தட்டுனேன். சத்தியமாச் சொல்றேன், அதைத் தவிர அங்க ஒரு ஈ காக்கா கிடையாது.

ஸ்டூடியோ இருட்டறையில சிவப்பு லைட்டுல, பேப்பரை மருந்துத் தண்ணியில போட்டு ஆட்டிக்கிட்டிருக்கேன். கொக்கு மெல்ல வந்துச்சு, கழுத்து அசைஞ்சு கொஞ்சம் புகையா. அதுக்குப் பக்கத்துல, கை நீட்டினா தொடுற தூரத்துல, முழங்கால் தண்ணியில ஒரு ஆளு. சட்டைப் பொத்தான்கூடத் தெரியுது, அவ்வளவு துல்லியம், மூச்சுகூட விடாம நின்ன மாதிரி. எங்க அத்தான். பிலிமைத் தூக்கிப் பார்க்கிறேன், அதுலயும் நிக்கிறாரு.

அக்காகிட்ட காட்டுனா உயிரோட இருக்காருன்னு தேடக் கிளம்பிருமேன்னு பயம். ஆனா மறைக்க மனசு வரல. லயத்துக்குப் போய் கையில குடுத்துட்டேன். அக்கா மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. "எங்கடா எடுத்தே? அவருதான்டா, பாரு, நல்லா இருக்காரு"ன்னு செருப்பை மாட்டிக்கிட்டு வாசலுக்கே வந்துருச்சு. அங்க வெளிச்சத்துல இன்னொரு தடவை படத்தைப் பார்த்துச்சு. அப்படியே நின்னுருச்சு.

"தம்பி, கொக்கைப் படம் எடுக்க நீ எப்படிப் போவே?"

"குப்புறப் படுத்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக்கா. மனுஷ வாடை பட்டாலே பறந்துருமே."

"இவரு பக்கத்துலயே நிக்கிறாரே. இது ஏன்டா பறக்கல?"

அக்கா செருப்பைக் கழட்டிப் போட்டுச்சு. உள்ள போய்க் கண்ணாடி முன்னால நின்னு, புறங்கையால நெத்திப் பொட்டை அழிச்சுச்சு. அப்பறம் கத்துன கத்துல லயமே கூடிருச்சு, நானும் தேம்பித் தேம்பி அழுதேன். கருமாதிக்கு அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டோம், கொக்கோட. அதை வெட்டி எடுக்க அக்கா விடல.

அதோட முடிஞ்சிருந்தா நான் இதை உங்ககிட்ட சொல்லியே இருக்க மாட்டேன். அந்தப் படத்துக்கப்பறம் எந்தக் கொக்கும் என்னைப் பார்த்துப் பறக்கிறதில்ல. குப்புறப் படுக்கிறதை எல்லாம் எப்பவோ விட்டாச்சு, நேரா நடந்து போய்ப் பக்கத்துல நின்னு எடுக்கிறேன். என்ன பொறுமைன்னு எல்லாரும் பாராட்டுறாங்க, நானும் தலையை ஆட்டிக்கிறேன். கூட யாராவது வந்தா அவங்களைப் பார்த்துப் பறக்குது. நான் தனியாப் போனா நிக்குது. போன வாரம்கூட தண்ணியில இறங்கி ஒண்ணுகிட்ட கையைத் தட்டிப் பார்த்தேன், சூ சூன்னு கத்தியும் பார்த்தேன். அது பாட்டுக்கு என் காலைச் சுத்தி மீன் பொறுக்கிக்கிட்டே இருந்துச்சு.