மாளிகைமேட்டுக்கு ஏசியில் போகாதீர்கள்

என் மனைவியின் தம்பிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மஞ்சக்குப்பத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். "ஆஸ்பத்திரி, வூடு, ஆஸ்பத்திரி. வேற ஒரு எடம் பாக்கணும் மாமா" என்றான். போனில் பார்த்த மாளிகைமேட்டைச் சொன்னான். கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் அரண்மனை இருந்த இடம். இப்போது செங்கல் அடித்தளம்தான் மிச்சம். டயாலிசிஸ் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காலை ஏழரைக்குப் பாசஞ்சர், பத்து பதினைந்து ரூபாய். ஏசி வேண்டுமென்றால் பதினொரு மணி எக்ஸ்பிரஸ்தான். ஏறி உட்கார்ந்ததும் இறங்க வேண்டிய தூரத்துக்கு ஆளுக்கு ஐநூறு சொச்சம். மச்சான் ஏசியில் டிக்கெட் போட்டுவிட்டான். அவன் கூட்டத்தில் இடிபட வேண்டாமே என்று நானும் தலையாட்டினேன்.

பெட்டி குளுகுளுவென்றுதான் இருந்தது. சிதம்பரத்தில் பேருந்து நிலையம் போய், ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பிறகு ஆட்டோ. மாளிகைமேட்டில் இறங்கியபோது மணி இரண்டு. ஒதுங்க நிழலில்லை, காலடியில் செங்கல் கொதித்தது. அவனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். அதற்குமேல் குடித்தால் உடம்பு வீங்கும், மூச்சு முட்டும். அந்த பாட்டில் பஸ்ஸிலேயே காலி.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். "காலைல பாசஞ்சர்லயே வந்திருக்கலாம் மச்சான்" என்றேன்.

"எனக்கும் அதான் ஆசை. ஜன்னலோரமா காத்து வாங்கிட்டு வரலாம்னு பாத்தேன். மாப்பிள்ளைய எப்பிடி அன்ரிசர்வுல இட்டாறது? அக்கா என்ன உரிச்சி உப்பு தடவிடும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகியும் நான் இன்னும் மாப்பிள்ளை! அவன் எனக்கு மரியாதை செய்தான். நான் அவன் உடம்பை நினைத்துத் தலையாட்டினேன். இரண்டு பேரும் வாய்திறந்து கேட்கவில்லை.

"ஆமா, ஒங்க பாட்டில் ஏன் அப்பிடியே கெடக்குது?"

"நீ குடிக்க முடியாதப்ப நான் எப்பிடிடா…"

"மொதல்ல குடிங்க மாமா. நீங்களும் சுருண்டு வுழுந்தா என்ன யாரு வூட்டுக்கு இட்டும்போறது?" நிஜமாகவே கோபம். அவன் எதிரிலேயே மடக் மடக்கென்று குடித்தேன். வெட்கமாக இருந்தது. அவன் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு செங்கல் அடித்தளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கால் மணி நேரம்தான் பார்த்தோம். அவனுக்குத் தலை சுற்றியதால் அதே ஆட்டோவில் திரும்பினோம். திரும்பும்போது சாயங்காலப் பாசஞ்சர். ஜன்னலோரம் கிடைத்தது, அவன் தூங்கிவிட்டான்.

போகிறவர்களுக்கு: காலைப் பாசஞ்சரைப் பிடியுங்கள், பன்னிரண்டு மணிக்குள் பார்த்து முடித்துவிடலாம். சிதம்பரத்திலேயே சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். எந்த வகுப்பில் போகலாம் என்று கூட வருகிறவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அந்தச் செங்கல்களுக்கு நடுவே என் மச்சான் ஒரு மணி நேரமாவது நோயாளி என்பதை மறந்து நடந்திருப்பான்.