மூன்று நாளைக்கு என்று சொன்னவர்

செய்தி தொலைக்காட்சியில்தான் வந்தது. அவருக்கு அது பிடித்திருக்கும். ரங்கூன் பபேடானில் என் வெற்றிலைக் கடைக்கு எதிரே இருக்கும் தேநீர்க்கடையில் காலையில் தொலைக்காட்சியைப் போட்டார்கள். முருகேசன் படத்தைச் சுற்றி வெள்ளைப் பூ. கீழே 'கோ வின்' என்று அவருடைய பர்மியப் பெயர். பின்னால் யாரோ வயலினை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாரியக்கா, கோ வின் போயிட்டாராம். நெஞ்சுவலி," என்றார் கடைக்காரர் செய்யது. "உங்களுக்கு ரொம்ப வேண்டியவராச்சே."

"எனக்கா? யார் சொன்னது?"

"டிவியில பார்த்தோமே. உங்க கால்ல விழுந்து கும்பிட்டாரே."

விழுந்தார். நான் மறுக்கவில்லை. எப்படி விழுந்தார், எப்படி எழுந்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் நம் சங்கத்துச் செயலாளர் வந்தார். நினைவு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டுமாம். "நல்லதா நாலு வரி போதும் அக்கா," என்றார். கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு வரியில் அடக்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலருக்காக 'அவர்' என்று போடுகிறேன். வாயில் 'அவன்' என்றுதான் வரும்.

முருகேசன் ரயில்வே லைன் வீட்டில் பிறந்தவர். ஒரு தலைவருக்கு உதவியாளராகப் போய்ச் சேர்ந்தார். தலைவரின் பெயர் வேண்டாம். அவரை இன்று யாரும் தேடுவதில்லை. முருகேசனின் வேலை, தலைவருக்குக் குடை பிடித்துக்கொண்டே காதில் ஓதுவது. நம் தெருவில் யார் மகன் மலேசியாவில், யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் சீமந்தம் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் ஓதியதும் தலைவர் என்னிடம் வந்து, "டோ மாரி, மலேசியாவில் மகன் சௌக்கியமா?" என்று பர்மிய மொழியில், மரியாதைக்கு 'டோ' போட்டுக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றும் அதை நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

"ஒரு பேரு தெரிஞ்சா ஒரு ஓட்டு அக்கா," என்பார் முருகேசன், என்னிடம் வாங்கிய வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு.

ஒருமுறை தப்பாக ஓதிவிட்டார். பூக்கார லெச்சுமியிடம் தலைவர், "வீட்டுக்காரர் கால்வலி எப்படி?" என்று கேட்டார். அவள் புருஷன் செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. லெச்சுமி அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். மறுநாள் முருகேசன் அவள் வீட்டுக்குப் போனார். துக்கம் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். "இப்படி ஒண்ணு நடந்தா ஆபீசுக்குச் சொல்லி அனுப்ப மாட்டீங்களா?" என்று அவளைத் திட்டிவிட்டு வந்தார்.

அடுத்த வருஷம் கோயில் திருவிழாவுக்குத் தலைவர் வருகிறார் என்று நடைபாதையைச் சுத்தம் செய்தார்கள். பத்தொன்பது வருஷமாக அந்தத் தெருமுனையில்தான் என் வெற்றிலைப் பெட்டி. முருகேசனே வந்தார்.

"அக்கா, மூணே மூணு நாள். நாலாம் நாள் உங்க பெட்டிய என் தோள்ல தூக்கிட்டு வந்து வைக்கிறேன்."

"வைப்பியா?"

"நம்ம தெருப் பிள்ளை சொல்றேன். என் மேல நம்பிக்கை இல்லையா?"

நம்பினேன். நாலாம் நாள் நான் வந்தபோது என் இடத்தில் கைபேசி உறை விற்கும் கடை இருந்தது. இரும்புக் கால், கண்ணாடி மேசை, மேலே விளக்கு. கடைக்காரன் முருகேசனின் மச்சான், அவர் மனைவி வள்ளியின் தம்பி.

தலைவரின் அலுவலகத்துக்குப் பதினொரு தடவை நடந்தேன். எண்ணிக்கையில் எனக்குத் தப்பு வராது. சில நாள் மீட்டிங் என்பார்கள். சில நாள் முருகேசனே வெளியே வருவார். "நாளைக்கு முடிச்சிடலாம் அக்கா," என்பார். பதினோராவது தடவை, "மேலிடத்து உத்தரவு, அந்தக் கடைய யாராலயும் அசைக்க முடியாது," என்றார். நான் நகரத்து ஓரம் ஷ்வேப்யிதாவில் மகள் வீட்டுக்குப் போய், தொழிற்சாலை வாசலில் பெட்டியை வைத்தேன். தையல் ஆலைப் பெண்கள் பல் கறைபடும் என்று வெற்றிலை போடுவதில்லை. மகள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு நான்கு வருஷம் கிடந்தேன்.

இதற்குள் தலைவருக்குக் காலம் மாறியது. முருகேசன் கொஞ்ச நாள் கண்ணில் படவில்லை. பிறகு ஒரு நாள் மகள் வீட்டுத் தொலைக்காட்சியில், கோ வின் என்ற பெயரில் நிகழ்ச்சி நடத்துகிறவராகத் தோன்றினார். பட்டு லோஞ்சிக் கைலி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. என் வெற்றிலையில் சிவந்த பல்லையெல்லாம் சுரண்டி வெள்ளையாக்கியிருந்தார்கள். தெருத் தெருவாகப் போய் வயதானவர்களிடம் கதை கேட்பார். கடைசியில் பாய் விரித்து அவர்கள் முன் மூன்று முறை விழுந்து, பர்மியர் வழக்கப்படி கடோ செய்வார். பழக்கூடை கொடுப்பார். கிழவிகள் அழுவார்கள். பார்த்துக்கொண்டிருந்த நீங்களும் அழுதீர்கள். காதில் ஓதியதையே இப்போது உரக்கப் பேசுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றியது.

தடின்ஜுட் விளக்குப் பண்டிகைக்கு முன்னால் மா சூ என்ற பெண் ஷ்வேப்யிதாவுக்கு என்னைத் தேடி வந்தாள். பழைய பபேடானின் முகங்கள் என்று நிகழ்ச்சி எடுக்கிறார்களாம். என் பழைய முனையிலேயே என்னை உட்காரவைத்து கோ வின் கடோ செய்வாராம். வருகிறேன் என்றேன்.

ஏன் சம்மதித்தேன் என்று என் மகள் இன்றும் கேட்கிறாள். கடோ செய்கிறவர், "உடலால், சொல்லால், மனத்தால் உங்களுக்குச் செய்த பிழையைப் பொறுக்க வேண்டும்," என்று சொல்லியாக வேண்டும். பெரியவர் ஆசி சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கக் கூடாது. இது நம் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அந்த வாயால் அந்த வார்த்தை வரட்டும் என்று போனேன். என் பெட்டியையும் பையில் எடுத்துக்கொண்டேன்.

யாராலும் அசைக்க முடியாத கடையை இரண்டு படப்பிடிப்பு விளக்குக்காரர்கள் கால் மணி நேரத்தில் தூக்கி ஓரமாக வைத்தார்கள். என் இடத்தில் புது மேசை போட்டு, பழசாகத் தெரிய மை தடவினார்கள். உட்கார்ந்தேன். முருகேசன் விழுந்தார். உடல், சொல், மனம் எல்லாம் சொன்னார். நெற்றி தரையில் இருந்தது.

"என்ன பிழை முருகேசா?" என்றேன் தமிழில்.

மா சூ, "அம்மா, ஆசி சொல்லுங்க," என்றாள்.

"சொல்றேன். என்ன பிழைன்னு முதல்ல அவரு சொல்லட்டும்."

"அக்கா, கேமரா ஓடுது," என்றார் முருகேசன் தரையைப் பார்த்து.

"ஓடட்டும். நான் எங்கயும் ஓடல."

உச்சி வெயில். உங்களில் பாதிப் பேர் அன்று அங்கே நின்றீர்கள். மசூதிப் பக்கத்திலிருந்துகூட ஆள் வந்து பார்த்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டும்வரை கிடந்தார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "கட்," என்றார்.

நான் எழவில்லை. பையிலிருந்து பெட்டியை எடுத்து, சுண்ணாம்பைக் குழைத்து, "யாருக்கு வேணும்?" என்றேன். செய்யது முதல் ஆளாக வந்தார். அத்தனை பேர் கையில் கைபேசியோடு படம் பிடிக்கும்போது ஒரு கிழவியைத் தூக்கி எறிய அவர்களுக்குத் துணிச்சல் இல்லை. விளக்கைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். மேசை அங்கேயே தங்கிவிட்டது, நானும் தங்கிவிட்டேன்.

நிகழ்ச்சியில் என் முகம் வந்தது. குரல் யாருடையதோ. நல்ல பர்மிய மொழியில் நூற்றிருபது வயது இருக்கச் சொல்லி ஆசி கொடுத்தது. அறுபதில் போய்விட்டார். ஆசி என்னுடையது அல்ல, அதற்கு நான் பொறுப்பில்லை.

அதன் பிறகு மச்சான் மாதம் ஒரு முறை வந்து நிற்பான். "இது எங்க இடம். மாமா வந்து பேசுவாரு, அப்ப காலி பண்ணுங்க," என்பான். மாமா வரவே இல்லை. இடம் அவனுடையது என்றும் சொல்லவில்லை, என்னுடையது என்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் எதிர்ச்சாரியிலேயே நடந்தார். தினமும் காலையில் முனை திரும்பும்போது, இன்று என் மேசை இருக்குமா என்று பார்த்துக்கொண்டே வருவேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி வள்ளி வந்தாள்.

"கடைசி வரைக்கும் உங்க பேச்சுத்தான் அக்கா. மாரியக்கா மட்டும் எனக்கு ஆசி சொல்ல வாய் திறக்கலன்னு சொல்லிட்டே இருந்தாரு."

"குத்தம் என்னோடதா?"

"இல்ல." அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மூணு நாள்னு சொல்லி உங்க இடத்த எடுத்து என் தம்பிக்குக் கொடுத்தாரு. நான்தான் கேட்டேன். அன்னிக்கே எனக்குத் தெரியும். தம்பி இனிமே இங்க வரமாட்டான். சொல்லிட்டேன்."

எவ்வளவு சின்ன வாக்கியம் பாருங்கள். ஊருக்கெல்லாம் பேசிய மனிதருக்கு அது வரவில்லை. அவள் தலையில் கை வைத்து, "நல்லா இரு," என்றேன். ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.

அவருக்கு நான் சொல்ல வேண்டிய ஆசி என்னிடமே இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ள வழி சொல்லியிருந்தேன், அவர் வாங்கவில்லை. அவர் சார்பில் கேட்டு யாரும் வர வேண்டாம். காலை ஆறரையிலிருந்து நான் கடையில்தான் இருப்பேன். வெற்றிலை வேண்டுமானால் வாருங்கள்.