முடிச்சு விழாத உளுந்து

செட்டியார்பட்டி போகும் சாலையில் உரக்கடை வைத்திருக்கும் ரமீஜாவுக்கு வயது நாற்பத்திரண்டு. தாவரவியல் படித்தவர். அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் அக்கறை அதிகம். யூரியா வாங்கப் போனவர் அரை மணி நேரப் பாடம் கேட்காமல் தப்பியதாகச் சரித்திரமே இல்லை.

போன வருஷம் சோழபுரம் சௌந்தரபாண்டியன் மஞ்சளடித்த உளுந்துச் செடியோடு வந்தார். ரமீஜா வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிக் கிடந்தது.

"காத்துல உள்ள நைட்ரஜனைப் பயிருக்குச் சாப்பாடா மாத்துறது இதுக்குள்ள இருக்குற பாக்டீரியாதான் அண்ணாச்சி. அதுக்கு ஒரு நொதி வேணும். அந்த நொதிக்கு மாலிப்டினம்னு ஒரு உலோகம் துளியாச்சும் வேணும். மண்ணுல தனியாத் திரியுற அசட்டோபாக்டர் கெட்டிக்காரன், மாலிப்டினம் இல்லேன்னா வனேடியம், அதுவும் இல்லேன்னா வெறும் இரும்பை வச்சே நொதி செஞ்சுக்கிடும். உளுந்து வேருல உள்ளதுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒங்க செம்மண்ணுல மாலிப்டினம் கிடைக்க மாட்டேங்கு."

இந்த வருஷம் சௌந்தரபாண்டியன் தன் வயலுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு நிலம் பிடித்தார். அதே செம்மண், பயறு வகையே காணாத நிலம்; முடிச்சுப் போடுகிற பாக்டீரியாவும் அந்த மண்ணில் இருக்காது. ரமீஜா மாலிப்டினம் உப்பையும் பாக்டீரியா பாக்கெட்டையும் கொடுத்து, ரெண்டையும் ஒரே கஞ்சியில் கலக்கி விதையில் புரட்டச் சொன்னார். உப்பைப் பொட்டலத்தில் எழுதியிருந்த அளவைவிடக் கூடவே போடச் சொன்னார். பசித்தவனுக்கு இன்னொரு கரண்டி வைக்கிற நினைப்புதான்.

முப்பதாம் நாள் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சே இல்லை. சௌந்தரபாண்டியன் கடைக்கு வந்து கோபப்படவில்லை.

"ஒம்மேல குத்தமில்ல தங்கச்சி. எம் பொண்டாட்டி தீட்டா இருந்த நேரத்துல வெதையத் தொட்டுருக்கா. வயக்காட்டுப் பக்கமே வரக் கூடாதுன்னுட்டேன்."

ரமீஜாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. செத்த நேரம் கழித்து அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. அந்த நிலத்து மண்ணையே கொண்டுவரச் சொல்லி, கடைக்குப் பின்னால் இரண்டு பைகளில் உளுந்து போட்டார். ஒன்றில் பாக்டீரியா மட்டும், இன்னொன்றில் தான் சொன்ன கலவை. அந்த இருபத்தைந்து நாளும் கடை திறந்ததும் முதலில் அந்தப் பைகளைத்தான் போய்ப் பார்த்தார். கலவை தப்பாக இருக்கக் கூடாதே என்று ஒரு மனது, அப்படியானால் அந்தப் பெண்தான் குற்றவாளியா என்று இன்னொரு மனது.

பாக்டீரியா மட்டும் போட்ட செடியில் முடிச்சு இருந்தது. கலவை போட்டதில் வேர் மொட்டையாக இருந்தது. கஞ்சியில் அளவு மீறிப் போட்ட உப்பு, மண்ணுக்குப் போகும் முன்பே பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது.

அன்றைக்கே இரண்டு செடிகளையும் எடுத்துக்கொண்டு சோழபுரம் போனார். சௌந்தரபாண்டியன் முன்னாலும் அவர் மனைவி சுடலைமாடத்தி முன்னாலும் வேர்களைக் காட்டினார். "தப்பு எம்மேல அண்ணாச்சி. இவிய கை பட்டதால ஒண்ணும் ஆகல. நான் சொன்ன அளவுதான் கெடுத்துச்சு."

சௌந்தரபாண்டியன் தலையைக் குனிந்துகொண்டார். சுடலைமாடத்தி அந்த மொட்டை வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசந்தானாக்கா? அவுக சொன்னதை நானும் நம்பிட்டேனே. ஒரு மாசமா எம் பிள்ளைக்கு எங் கையால சோறு ஊட்டக்கூடப் பயந்துக்கிட்டுக் கரண்டியிலதான் குடுத்தேன்."

ரமீஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.