நான் சந்தைக்காகப் பேசிய ஞாயிற்றுக்கிழமை

பட்டிமன்றத்தில் யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதை எங்கள் குழுவில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் எல்லோரும் ஒரே பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அந்த முறை தலைப்பு, ‘மக்களை வாழ வைப்பது சந்தையா, அரசா?’ என் கைக்கு வந்த சீட்டில் சந்தை என்று எழுதியிருந்தது. எனக்கு ஒரே எரிச்சல். நான் மனதார அரசின் கட்சி. ஈசூனில் நான் குடியிருக்கும் வீடு, என் பிள்ளைகள் படித்த பள்ளி, எனக்கு நடந்த அறுவைச் சிகிச்சைக்கு வந்த பில்லில் பெரும்பகுதி, எல்லாவற்றிலும் அரசாங்கத்தின் கை இருக்கிறது. சந்தையை மட்டும் நம்பியிருந்தால், சரக்குக் கப்பல் அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் எனக்கு இதில் கால்வாசிகூடக் கிடைத்திருக்காது. மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். “எந்தப் பக்கம் குடுத்தாலும் நீங்க பின்னி எடுத்துடுவீங்க லா,” என்றார் செயலாளர். அந்த ஒரு வார்த்தைக்கு நான் குளிர்ந்துபோனேன்.

அதே சமயத்தில் வீட்டிலும் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. என் அண்ணன் துவாஸில் ஒரு கிடங்கில் இருபது வருடங்களுக்கு மேல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, முற்றி, இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வேலை போயிற்று. அண்ணி இறந்து வெகுநாளாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. மார்சிலிங்கில் ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருந்தார். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: புண் ஆறும்வரை நின்று செய்யும் வேலை கூடவே கூடாது, மீறினால் கால் போய்விடும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அவரை எவரும் எடுக்கவில்லை. என்னிடமும் வாங்க மாட்டார், தங்கச்சி காசு வேண்டாமாம். மிஞ்சியிருந்தது அரசாங்க உதவித்தொகை ஒன்றுதான்.

“நான் யார்கிட்டயும் கை நீட்டுனது இல்ல பாப்பா.”

“இது கை நீட்டுறது இல்லண்ணே. இத்தனை வருஷம் மாடா உழைச்சீங்க. விழுந்தா தூக்கி விடறதுக்குத்தானே அரசாங்கம்? அதுக்கும் இல்லன்னா அப்புறம் எதுக்கு?”

மூன்று மாதம் கெஞ்சினேன், சண்டை போட்டேன். ஒருநாள் அவர் வீட்டில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கடைசியில் தலையாட்டினார். விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பினேன். அவர் கையெழுத்துப் போட்டார். புதன்கிழமை காலை நாங்கள் இருவரும் உட்லண்ட்ஸில் உள்ள உதவித்தொகை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அதற்கு முந்தைய ஞாயிறு பட்டிமன்றம். தமிழ்க் கடைத்தெருவான தேக்காவில் ஒரு மாடி அரங்கம். கீழே தெருவெல்லாம் லீவு நாள் கூட்டம். கட்டுமான வேலை செய்யும் தம்பிகள் சிலர்கூட மேலே வந்து பின்னால் நின்றிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அண்ணன். நான்தான் வரச் சொல்லியிருந்தேன், வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாரே என்று.

எனக்கு முன்னால் அரசுக்காகப் பேசியவர் ஓர் இளம் வழக்கறிஞர். “எல்லாரையும் கடலில் தள்ளிவிட்டு, நீந்தத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்ளட்டும் என்பதற்குப் பெயர்தான் சந்தை,” என்றார். அரங்கம் அதிரக் கைதட்டியது. நான் எழுந்தேன். பக்கத்தில் இன்னொரு கடை வந்தால்தான் இந்தக் கடையில் தோசை முறுகலாக வருகிறது என்று ஆரம்பித்தேன். ஒரே கடை, அதுவும் அரசாங்கக் கடை என்றால் வரிசையில் நின்று மாவைத்தான் வாங்கித் தின்ன வேண்டும் என்றேன். நியாயமான பேச்சுதான். சிலர் தலையாட்டினார்கள். சிரிப்பு வரவில்லை. பட்டிமன்ற மேடையில் அந்த அமைதியைத் தாங்க முடியாது.

அப்போதுதான் எழுதி வைக்காத ஒன்று என் வாயில் வந்தது. வாய்க்கொழுப்பு, வேறென்ன சொல்ல?

“எனக்குத் தெரிஞ்சு ஒரு ஆளு இருக்காரு. வேலை இல்ல, ஆனா பேனா இருக்கு! காலையில எழுந்தா ஃபாரம், மத்தியானம் ஃபாரம். அரசாங்கம் சோறு போட்டுச்சு. அடுத்து என்ன கேட்டாரு தெரியுமா? ஊட்டி விடறதுக்கு எந்த ஃபாரம்னு கேட்டாரு!”

சோம்பலாகக் கொட்டாவி விட்டு, காற்றில் கையெழுத்துப் போட்டு நடித்தும் காட்டினேன். அரங்கம் குலுங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. “கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ரோஷம்தான் போயிருச்சு!” என்று முடித்தேன். விசில்கூட வந்தது. அண்ணனும் கைதட்டினார், பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு உறைக்கவே இல்லை. மேடையில் நான் சொன்ன ஆள் என் கற்பனை. அண்ணனை நான் நினைக்கவே இல்லை.

நடுவர் வழக்கம்போல இரண்டும் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு கலைந்தோம். “நல்லா பேசுன பாப்பா,” என்றார் அண்ணன், ரயிலில்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு அலுவலக வாசலில் காத்திருந்தேன். அவர் வரவில்லை. போன் செய்தேன்.

“வேலை கெடைச்சிருச்சு பாப்பா. நேத்துலேர்ந்து போறேன். சாப்பாட்டுக் கடையில தட்டு எடுக்கிறது.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டு நேரே அங்கே போனேன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். இடது காலை ஊன்றாமல் சாய்ந்து நின்றார். மூச்சுவிடாமல் பேசினேன். “அது மேடைப் பேச்சுண்ணே! சீட்டுல வந்துச்சு, பேசினேன். நான் எந்தக் கட்சின்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் என்ன?”

மேசையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். “நீ மூணு மாசம் சொன்ன. தங்கச்சி, பாசத்துல சொல்றேன்னு கேட்டுக்கிட்டேன். அன்னைக்கு அத்தனை பேரு சிரிச்சாங்க. அவங்களுக்கு என் மேல என்ன பாசமா, பகையா? மனசுல இருக்கு, அதான் சிரிப்பு வந்துச்சு.”

“அந்த வழக்கறிஞர் பேசினப்பவும் கை தட்டினாங்களே!”

“அவருக்குத் தட்டுனாங்க. உனக்குத்தான் சிரிச்சாங்க.”

இருபது வருடமாக மேடை ஏறுகிறவள் நான். எந்தப் பக்கம் கொடுத்தாலும் பின்னி எடுப்பேனாம். என் சொந்தக் கட்சிக்காக, என் சொந்த அண்ணனிடம், எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பிறகும் வாரா வாரம் போய் அழுது பார்த்தேன். சந்தையா அரசா என்று அன்று இரண்டு மணிநேரம் அலசினோமே, உதவி கேட்பவனைப் பார்த்து நாம் எப்படிச் சிரிக்கிறோம் என்று ஒருவர்கூடப் பேசவில்லை. அரசாங்கம் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. உள்ளே போகவிடாமல் வாசலில் நின்றவள் நான். இதை யோசிக்க ஆரம்பித்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

இரண்டாம் மாதம் காய்ச்சல் வந்து வேலையிடத்திலேயே விழுந்தார். புண் எலும்புவரை போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான்காம் நாள், மருத்துவமனையின் சமூகப் பணியாளர் வந்தார். தமிழ்ப் பெண், என் மகள் வயதிருக்கும். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அங்கிள், ஹெல்ப் இருக்குல்ல? கால் இவ்வளவு மோசமா இருந்தப்பவே ஏன் அப்ளை பண்ணல?”

நான் வாயைத் திறந்தேன். போர்வைக்குள்ளிருந்து அண்ணனின் கை வந்து என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

“இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா,” என்றார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். “நீங்களாச்சும் அங்கிள்கிட்ட சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி.”

அண்ணன் பிடியை விடவில்லை.

“ஆமாம்மா,” என்றேன். “சொல்லியிருக்கலாம்.”