பாதம் பார்த்த கண்ணாடி

சிவப்பு பிளாஸ்டிக் சட்டம் போட்ட ஒரு வட்டக் கண்ணாடி போன வாரம்வரை என் மேசை இழுப்பறையில் கிடந்தது. என்னை ஆய்வாளராக்கியது அதுதான் என்றால் என் பட்டச் சான்றிதழ்கள் கோபித்துக்கொள்ளும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பொது சுகாதாரத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வெறுங்காலோடு கிரிவலம் வருகிறவர்களின் பாதங்களில் உண்டாகும் கொப்புளம், வெடிப்பு பற்றித் திருவண்ணாமலையில் ஒரு டாக்டரம்மா ஆராய்ந்துவந்தார். அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தால்தான் என் ஆய்வேடு நகரும். அவரோ, "பௌர்ணமி அன்னிக்கு ஒரு நாள் வேலை செய்ங்க. சரியா வந்தா சேத்துக்குறேன்" என்றுவிட்டார். அப்படியொரு கறார்.

பௌர்ணமியன்று விடிந்ததும் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடைப் பெஞ்சருகே தரையில் உட்கார்ந்தேன். பாதத்தைப் பார்க்கக் குனிந்ததுதான் தாமதம், கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த பெரியவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என் தலையில் கை வைத்தார். "நல்லா இரும்மா. சீக்கிரம் கல்யாணம் ஆவட்டும்." அடுத்தவரும் அப்படியே. படிக்கிற பெண் தன் காலைத் தொட்டால் பாவமாம். ஆசி மட்டும் தாராளம். மதியத்துக்குள் பதினாறு பேறும் கிடைத்துவிட்டது, பார்த்த பாதம்தான் ஒன்றுகூட இல்லை. மேற்பார்வைக்கு வந்த டாக்டரம்மா, "ஆசீர்வாதம் வாங்கவா அனுப்புனேன்? சாயந்திரத்துக்குள்ள ஆவலன்னா ஊருக்குக் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது எதிரே வளையல் கடையில் ஒரு பெண், விற்பனைக்கு இருந்த கண்ணாடியைத் தன் பாதத்துக்கடியில் பிடித்து முள் தேடிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அதேபோல் ஒன்று வாங்கிவந்து பெஞ்சுக்கு முன்னால் தரையில் வைத்தேன். உட்கார்ந்து காலைத் தூக்கினால் போதும், தொட மாட்டேன் என்றேன். "கண்ணாடியத்தான பாக்கப்போற? அப்ப பரவால்ல" என்று முதலில் ஓர் அம்மா உட்கார்ந்தார். தன் உள்ளங்காலை அவர் அதுவரை பார்த்ததே இல்லையாம். "ஐய, இன்னாடி இது, வெடிச்ச வயலாட்டம் கீது!" என்று சிரித்துக்கொண்டே கூட வந்தவர்களையெல்லாம் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். சாயந்திரம் பெஞ்சுக்கு வரிசை நின்றது. திரும்பி வந்த டாக்டரம்மா வரிசையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் உட்கார்ந்து காலைத் தூக்கினார்.

"நாளைக்குக் காலையில வந்துடுங்க" என்றார்.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த மாணவி, என் மேசைக்கடியில் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தாள். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன். கை தானாக அவள் தலைக்குப் போய்விட்டது. "நல்லா இரும்மா" என்றேன்.

அவள் பேனாவோடு நிமிர்ந்தாள். இழுப்பறையைத் திறந்து, கண்ணாடியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன்.